தவிட்டுக் கணக்கு

மூன்று பேரேடுகள், மூன்றிலும் என் கையெழுத்து.
சாவுக்கு ஒன்று, நிவாரண அரிசிக்கு ஒன்று,
குதிரைத் தீவனத்துக்கு ஒன்று.
சான் ரோக்கே சுகாதாரக் கச்சேரியில்
கோணாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.
ஸ்பானியர் காலத்தில் ஞானஸ்நானப் பதிவு எழுதிய கை இது.
அமெரிக்கர் வந்ததும் மைக்கூடு மாறியது, அவ்வளவே.

பேதி வந்த வருஷம் எரித்தார்கள்.
ஆற்றோரம் பதினேழு வீடுகள், எல்லாம் நீப்பா ஓலை.
சட்டியைக்கூட எடுக்க விடவில்லை.
கிணறுகளில் கார்பாலிக் ஊற்றினார்கள்,
கையைக் கழுவு என்று துப்பாக்கியோடு வந்து சொன்னார்கள்.
பேதி நின்றது. பொய் சொல்ல மாட்டேன்,
நின்றதையும் நான்தான் எழுதினேன்.

பிறகு அரிசி.
எருமைகள் வெக்கை நோயில் சரிந்திருந்தன,
உழவேண்டியவர்கள் சண்டையில் போயிருந்தார்கள்.
கப்பலில் சைகோன் மூட்டைகள் இறங்கின.
உமியில்லை, தவிடில்லை,
கேப்டன் விட்லாக்கின் சட்டைக் காலர் போல வெளுப்பு.
சுத்தமான உணவு என்று கேப்டன் அள்ளிக் காட்டினார்.
வண்டுகூட ஏறவில்லை அதில்.
வண்டுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம்,
கொழுகொழுவென்றிருக்கும் பிள்ளைகள்.
திடீரென்று அழும். சத்தம் வராது.
வாய் திறந்திருக்கும், கண்ணீர் இருக்கும், உதடு நீலம்,
யாரோ தொண்டைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி.
பெண்கள் அதைத் தாவோல் என்றார்கள்.
அது நோயின் பெயர் இல்லை என்று சொல்லி
வலிப்பு என்று எழுதச் சொன்னார் கேப்டன்.
வலிப்பு, வலிப்பு, வலிப்பு.
அதே வார்த்தையை எழுதி எழுதி
என் எழுத்து அழகாகிக்கொண்டே வந்தது.

பசீலிசாவின் தாய்ப்பாலைக் கண்ணாடித் துண்டில் தடவி
உருப்பெருக்கியில் பார்த்தார்.
கிருமி இல்லை.
சன்னலைத் திற, துணியைக் கொதிக்க வை என்றார்.
அவள் திறந்தாள், கொதிக்க வைத்தாள்.
நாலாவதையும் புதைத்தாள்.
ஒரு நாளுக்குள் சாவைச் சொல்லவில்லையென்று
அரைப் பெசோ அபராதம். ரசீது என் கையால்.

சுகாதாரக் காவலுக்கு ஒன்பது குதிரைகள்.
ஆலையிலிருந்து தினமும் தவிடு வரும்.
பிடரி மயிரில் முகம் பார்க்கலாம்.

லாயக்காரன் உர்சூலோவின் வீட்டில் மட்டும்
பிள்ளை அழுதால் தெருவே எழுந்துவிடும்.
தூங்க முடியவில்லை என்று மனுக்கூட வந்தது.
அவன் மனைவி காசியானா
வெல்லப்பாகில் எதையோ பிசைந்து தின்பாள்,
பழுப்பாக, சொரசொரவென்று.
ஏழைத் தீனி என்று நாங்கள் சிரித்தோம்.

மூன்றாம் பேரேட்டில் தினம் இரண்டு கைப்பிடி உதைத்தது.
என் கணக்கு உதைக்கக் கூடாது.
எழுதிக் கொடுத்தேன்.
உர்சூலோவை நிறுத்தினார்கள்,
கருணையோடு நிவாரண அட்டையும் தந்தார்கள்.
வெள்ளை அரிசி, வாரம் மூன்று காந்தா.
இரண்டாம் பேரேட்டில் அவன் பெயர்.
அடுத்த மழையில் பிறந்தது ஒரு பெண்.
நெல் பால் பிடிக்கும் முன்
முதல் பேரேட்டில் அவள் பெயர்.
அந்தத் தெரு அன்று நன்றாகத் தூங்கியது.

ஆறு வருஷம் கழித்து
மணிலாவிலிருந்து வைக்கோல் சுற்றிய பெட்டி வந்தது.
நாற்பது புட்டி, பழுப்புச் சாறு, சிறு கரண்டி.
பசீலிசாவின் ஆறாவதற்கு மதியம் ஊட்டினார்கள்.
விளக்கு வைக்கும் நேரத்தில் அது கத்தியது.
புதிய கேப்டன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.
பசீலிசா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.
அழவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள், விரல் விட்டு.

கையெழுத்துப் போடுமுன் ஒரு புட்டியைத் திறந்தேன்.
மருந்து வாசனை இல்லை.
லாயம்.
விடியற்காலை, உர்சூலோ கூடையைச் சாய்க்கும்போது எழும்
அந்தப் புழுதி.

இதை எந்தப் பேரேட்டில் ஏற்றுவது என்று கேட்டேன்.
நல்ல கேள்வி என்றார்கள்.
நான்காவதாக ஒன்று தந்தார்கள்,
தோல் அட்டை, ஓரத்தில் சிவப்புக் கோடு.
முதல் பக்கம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.